சிவப்பை எண்ணி வீட்டைக் கைவிடலாமா?

இங்கிலாந்தில் நூறாண்டு கடந்த செங்கல் வீட்டுக்கு விலை பேசியவர், அடுத்து சர்வேயரை அனுப்புகிறார். கூரை, புகைபோக்கி, சுவர், மின்சாரம் என ஒவ்வொன்றுக்கும் சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். முறைப்படி 1, 2, 3 என்று தரம் இட்டு அறிக்கை வருகிறது. 3 என்றால் சிவப்பு. சிவப்பு எத்தனை என்று எண்ணிப் பார்த்து வீட்டையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் அவசரப்படுகிறார்கள் என்பேன்.

அந்த எண்ணில் செலவுக் கணக்கு கிடையாது. சர்வேயர் மின்கம்பிகளைச் சோதிப்பதில்லை. அண்மைச் சோதனைச் சான்றிதழ் இல்லையென்றால் 3 போட்டுவிடுவது வழக்கம். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரியென்றால் அந்தச் சிவப்பு அன்றே மறையும். 2 வாங்கிய ஸ்லேட் கூரையோ, சில ஆண்டுகளில் சாரம் கட்டி முழுதாக மாற்ற வேண்டியதாகிவிடலாம்.

வாங்குவோரை அதிகம் கலங்கடிப்பது சுவர் ஈரம். ஈரமானி அளப்பது மின்கடத்தலை. அது மரத்துக்கென அளவு குறிக்கப்பட்ட கருவி. பழஞ்சுவரில் ஊறிய உப்பே அதன் அளவைக் கூட்டிவிடும். உடனே சுவரைத் துளைத்து ரசாயனம் ஏற்றுபவரை அழைக்கிறார்கள். இலவசமாகச் சோதிக்க வருபவர் அந்த மருந்தை விற்பவர்தானே! முதலில் வீட்டைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். அக்காலச் சுவர்கள் பெரும்பாலும் நடுவே இடைவெளி இல்லாமல் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. நனைந்தாலும் அந்தச் சாந்து வழியே உலர்ந்துவிடும். பின்னாளில் செங்கல் இடுக்குகளில் சிமென்ட்டால் பாயிண்டிங் செய்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். தோட்டத்து மண் வீட்டின் தரைமட்டத்துக்கு மேல் ஏறியிருக்கலாம். மழைநீர்க் குழாய் ஒழுகலாம். குழாயை மாற்றினால் தீர்ந்துபோகும் ஈரத்துக்காகச் சுவரைத் துளைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

விரிசலை இப்படி எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். லண்டன் களிமண் வறட்சியில் சுருங்கும். 1976 கோடையில் அடித்தளம் இறங்கிய வீடுகள் பல. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட விரிசல் பெரும்பாலும் பூச்சோடு முடியும். ஆனால் சுவர் இன்னும் நகர்கிறதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அவருக்கான கட்டணத்தில் கஞ்சம் வேண்டாம்.

அறிக்கையில் நான் முதலில் தேடுவது 'பார்க்க இயலவில்லை' என்ற வரிகளைத்தான். கம்பளத்துக்குக் கீழே இருக்கும் பலகை, சாமான் அடைத்த பரண் எல்லாம் அவற்றில் ஒளிந்திருக்கும். ஒப்பந்தம் கைமாறும்வரை இங்கிலாந்தில் பேசிய விலை யாரையும் கட்டாது. அதற்குள் கம்பளத்தைத் தூக்கிக் காட்டும்படி விற்பவரைக் கேட்கலாம். பரணைக் காலிசெய்யச் சொல்லி, சர்வேயரை இன்னொரு முறை அனுப்பலாம்.