பந்துலு ஏறாத மலை

செர்கேய் பந்தார்ச்சுக் 'போரும் அமைதியும்' எடுத்தபோது சோவியத் ராணுவமே ஆயிரக்கணக்கில் வீரர்களை அனுப்பிவைத்தது. நம்முடைய இயக்குநர் பி.ஆர்.பந்துலுவுக்கு அந்த அளவுக்குக் கொடுப்பினை இல்லை. பத்மினி பிக்சர்ஸ் சொந்த நிறுவனம், லாபமும் நட்டமும் அவர் தலையில். 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நன்றாக ஓடியது, கெய்ரோ விழாவில் சிவாஜிக்குப் பரிசும் வாங்கித் தந்தது. அந்தத் தெம்பில் 1961-இல் 'கப்பலோட்டிய தமிழன்'. தேசிய விருது வந்தது, கல்லா நிறையவில்லை. என்னைக் கேட்டால் அவர் எடுத்ததில் ஆகச் சிறந்தது அதுதான். யானையையும் வாள்வீச்சையும் நம்பாமல், செக்கிழுத்த ஒரு வக்கீலை நம்பி எடுத்த சரித்திரப் படம்! அடிபட்டவர் 1964-இல் 'கர்ணன்' வழியாகப் பிரம்மாண்டத்துக்குத் திரும்பினார்; மறு வருடமே எம்.ஜி.ஆர். பக்கம் போனார். கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரை நான் குறை சொல்ல மாட்டேன். 1974-இல் அவர் மறைந்த பின் எம்.ஜி.ஆர். இயக்கி முடித்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' கூட அரச கதைதான். அரசன் நாயகனாக இல்லாத சரித்திரம் வேண்டுமா, ஜவ்வாது மலைப் பக்கம் வாருங்கள். அடிவாரச் செங்கம் வட்டாரமெங்கும் நடுகற்கள். தொல்லியல் துறை 1972-லேயே 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகப் போட்டுவிட்டது. பல்லவர் காலத்தில் மாட்டு மந்தைக்காகச் சண்டையிட்டு மாண்டவர்களுக்கு நட்ட கற்கள் அவை. மகேந்திரவர்மன் பெயரே அங்கே ஆட்சியாண்டு குறிக்கத்தான். ஆள் பெயர், ஊர், செத்த காரணம் எல்லாம் கல்லிலேயே இருக்கிறது. இதை எடுக்க யானைப்படை தேவையில்லை. நூறு மாடும் அடக்கி எழுதத் தெரிந்த ஒரு வசனகர்த்தாவும் போதும். மாடு கிடைத்துவிடும்.