நீலம் நீக்கப்பட்ட பால் நியூமன்

பால் நியூமனின் சிறந்த படங்கள் எவை என்று கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். 'புட்ச் காசிடி அண்ட் த சன்டான்ஸ் கிட்' (1969), 'த ஸ்டிங்' (1973), ஆஸ்கர் பெற்றுத் தந்த 'த கலர் ஆஃப் மணி' (1986), இவற்றுக்கு நடுவில் எங்கேனும் 'கூல் ஹேண்ட் லூக்' (1967). வசூலும் விருதும் பழைய நினைவின் இனிமையும் சேர்ந்து வகுத்த பட்டியல் இது. இதிலுள்ள எதுவும் மோசமான படம் அன்று. ஆயினும், 1954 முதல் 2002 வரை திரையில் நின்ற ஒரு நடிகர் தம் கலையில் எதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பதை இப்பட்டியல் அறவே மறைத்துவிடுகிறது.

அவர் மல்லுக்கட்டியது தம் முகத்தோடு. குறிப்பாக, அந்த நீலக் கண்களோடு. (இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்த அவர் விமானியாக முடியாமற்போனதற்குக் காரணம் நிறக்குருடு. உலகம் வியந்த அந்த நீலத்தின் உடைமையாளருக்கே நிறங்களைச் சரியாகப் பிரித்தறிய இயலாது என்பதை எந்த நாவலாசிரியரும் எழுதத் துணிந்திருக்கமாட்டார்.) நண்பரும் திரைக்கதையாசிரியருமான ஸ்டூவர்ட் ஸ்டெர்ன் 1986ஆம் ஆண்டு முதல் பதிவுசெய்த உரையாடல்களின் ஒலிநாடாக்களை நியூமன் எரித்துவிட்டார், எஞ்சிய எழுத்துப் படிகளிலிருந்து அவர் மறைந்து 14 ஆண்டுகளுக்குப் பின், 2022இல், ஒரு தன்வரலாறு தொகுக்கப்பட்டது. பிறர் நேசித்தது தம் தோற்றத்தைத்தானே, தம்மை அன்றே என்னும் ஐயம் அந்நூலில் திரும்பத் திரும்ப வருகிறது. இத்தகைய ஐயத்தைப் பேட்டிகளில் வெளிப்படுத்தும் நட்சத்திரங்கள் பலர். அதைத் தொழிலின் மூலப்பொருளாக ஆக்கிக்கொண்டோர் மிகச் சிலர். நியூமனின் உண்மையான சிறந்த படங்கள், பார்வையாளர் அம்முகத்தை நம்பக் கூடாது என்று கேட்டுக்கொள்ளும் படங்களே.

முதலாவது, ராபர்ட் ரோசன் இயக்கிய 'த ஹஸ்லர்' (1961). பூல் ஆட்டக்காரன் எடி ஃபெல்சன், மினசோட்டா ஃபேட்ஸுடன் ஓர் இரவும் அதைத் தாண்டியும் ஆடுகிறான். 18,000 டாலர் முன்னணியில் இருக்கும்போது நிறுத்தத் தெரியாமல் ஆடி, குடித்து, எல்லாவற்றையும் இழக்கிறான். ஜாக்கி கிளீசன் நடித்த ஃபேட்ஸோ இடையில் முகம் கழுவி, தலைவாரி, கோட்டு அணிந்து, புதியவராக மேசைக்குத் திரும்புகிறார். எடிக்கு இல்லாதது கைத்திறன் அன்று என்பதை வசனமின்றி உணர்த்தும் காட்சி அது. அகலத்திரையில், கறுப்பு வெள்ளையில், யூஜன் ஷூஃப்டானின் ஒளிப்பதிவில் எடுக்கப்பட்ட இப்படத்தில் நியூமனின் கண்கள் சாம்பல் நிறம் கொண்டவை. அவற்றை ரசிக்க வழியில்லை. அவை எதைப் பார்க்கத் தவறுகின்றன என்பதைத்தான் கவனிக்க முடிகிறது. பைப்பர் லோரி நடித்த சாரா தன் கண்முன்னே அழிந்துகொண்டிருப்பதை எடி காண்பதில்லை. காணும்போது காலம் கடந்துவிடுகிறது.

இரண்டாவது, 'ஹட்' (1963). நியூமனைப் பற்றிய எந்த ஆய்வும் நின்று நிதானிக்க வேண்டிய இடம் இதுவே.

லாரி மக்மர்ட்ரியின் முதல் நாவலான 'ஹார்ஸ்மேன், பாஸ் பை' என்பதைத் தழுவி மார்ட்டின் ரிட் இயக்கிய படம் இது. டெக்சாஸில் ஒரு கால்நடைப் பண்ணை. முதியவர் ஹோமர், அவருடைய மகன் ஹட், பேரன் லான், வீட்டுப் பணிப்பெண் ஆல்மா. மந்தையில் கோமாரி நோய் கண்டிருக்கலாம் என்று தெரிந்ததும், செய்தி பரவுமுன் மாடுகளை விற்றுத் தள்ளிவிடலாம் என்கிறான் ஹட். முதியவர் மறுக்கிறார். நோய் உறுதியாகிறது, மந்தை முழுவதும் குழிக்குள் இறக்கப்பட்டுச் சுடப்படுகிறது. ஹட் தந்தையைத் தகுதியற்றவராக அறிவிக்கச் செய்து பண்ணையைக் கைப்பற்ற முயல்கிறான், ஆல்மாவைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்க முற்படுகிறான், லான் தடுத்துவிடுகிறான். இறுதியில் எல்லோரும் போய்விட்ட வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தனியே நிற்கிறான்.

படைப்பாளிகளின் நோக்கம் தெளிவானது. வசீகரத்தின் அடியில் எதுவுமே இல்லாத ஒரு மனிதனைக் காட்டுவது. ஆனால் நடந்தது வேறு. இளைஞர்கள் ஹட்டைக் கொண்டாடினர். ரிட்டும் நியூமனும் இதை எதிர்பார்க்கவில்லை என்று பின்னர் ஒப்புக்கொண்டனர். விமர்சகர் பாலின் கேல் இப்படத்தைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், பார்வையாளரைப் பிழை சொல்ல மறுத்தார். தந்தையின் நீதிப்பேச்சு பொய்யாக ஒலிக்கிறது, மகனின் இழிவிலாவது பாசாங்கு இல்லை, மக்கள் அதைச் சரியாகவே உணர்ந்தனர் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

கேல் சொன்னதில் பாதி உண்மை. படத்தின் அறம் முழுவதும் ஹோமரின் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. படத்தின் இன்பம் முழுவதும் ஹட்டின் உடலில் வைக்கப்பட்டிருக்கிறது. ஜேம்ஸ் வாங் ஹோவின் ஒளிப்பதிவு வெற்று வானத்தின் கீழ் அவ்வுடலைச் சிலைபோல் நிறுத்துகிறது. மனிதர்கள் யாரைப் போற்றுகிறார்களோ அவர்களைக் கொண்டே நாட்டின் முகம் மெல்ல மாறும் என்று ஹோமர் பேரனிடம் சொல்லும் இடத்தில், படம் தன் பார்வையாளரை நோக்கியே எச்சரிக்கை விடுக்கிறது. பார்வையாளரோ அந்நேரம் ஹட் எப்போது திரும்பி வருவான் என்று காத்திருக்கிறார். நாயகனின் வன்முறைக்கு அரங்கில் சீழ்க்கை எழுவது ஏன் என்று ஆராய விரும்பும் எந்த மாணவரும் இங்கிருந்து தொடங்கலாம். எச்சரிக்கையை வசனத்தில் வைத்து ஆசையைச் சட்டகத்தில் வைக்கும் எந்தப் படத்திலும் வெல்வது சட்டகமே.

கேல் சொல்லாத மறுபாதி, அல்லது போதிய அளவு நிறுத்திச் சொல்லாத மறுபாதி, ஆல்மாவைப் பற்றியது. மூல நாவலில் அப்பெண் கறுப்பினத்தவர். அங்கே வன்முறை தடுக்கப்படுவதில்லை, நிகழ்ந்தே விடுகிறது. படம் அவரை வெள்ளைப் பெண்ணாக மாற்றியது. வன்முறையை முயற்சி என்ற அளவில் நிறுத்தியது. இவ்விரு மாற்றங்களும் இல்லாமல் ஹட்டைக் கொண்டாடியிருக்க முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய வினா. படம் வெளியான அதே 1963ஆம் ஆண்டின் ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணியில் பால் நியூமன் கலந்துகொண்டார் என்பதும், அவ்வாண்டின் சிறந்த நடிகர் ஆஸ்கரை அவர் சிட்னி பாய்ட்டியரிடம் இழந்தார் என்பதும் இவ்வினாவின் கூர்மையை மிகுவிக்கின்றன. தனிமனிதராக நியூமன் எந்தப் பக்கம் நின்றார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் படம் அவருடைய முகத்துக்காக எதை அழித்தெழுதியது என்பது அவருடைய அரசியலால் தீர்ந்துபோகும் கணக்கு அன்று. ஆல்மாவாக நடித்த பெட்ரீஷியா நீல் ஆஸ்கர் பெற்றார். அவருடைய களைத்த, கேலி கலந்த குரல் இல்லையேல் படம் இன்று பார்க்கக்கூடியதாகவே இருந்திராது.

'ஹட்'டின் தோல்வி (தோல்வி என்றே சொல்ல வேண்டும், பெருந்தோல்வி) நியூமனைப் பிற்பாடு எங்கு இட்டுச்சென்றது என்பதே அவருடைய எஞ்சிய வாழ்க்கைப் பணியின் கதை. 'கூல் ஹேண்ட் லூக்' அதற்கு எளிய விடையைத் தேடியது. நாயகனைச் சிலுவைப் பாட்டுக்கு உரியவனாக்கிவிட்டால் வசீகரம் குற்றமற்றதாகிவிடும். 50 முட்டை தின்று முடித்தவனைக் கைகளை விரித்தபடி மேசைமேல் கிடத்தும் குறியீடு இன்று சற்றுக் கூச்சம் தருகிறது. அப்படத்தில் நிலைத்து நிற்பது, அடித்து நொறுக்கப்பட்ட லூக் காவலரின் காலடியில் கெஞ்சுகின்ற இடமும், அதைக் காணச் சகியாமல் சக கைதிகள் முகம் திருப்பிக்கொள்கின்ற இடமும்தான். ராபர்ட் ரெட்ஃபோர்டுடன் இணைந்து நடித்த இரு படங்களும் இன்பமானவை. அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பட்டியல்களில் வழக்கமாக இடம்பெறாத 'ஸ்லாப் ஷாட்' (1977) இவற்றைவிடக் கூர்மையானது. ஆலை மூடப்படும் பென்சில்வேனியச் சிறுநகரம் ஒன்றில், அழியவிருக்கும் ஐஸ் ஹாக்கி அணியைப் பொய்யாலும் அடிதடியாலும் இழுத்துச் செல்லும் முதிய ஆட்டக்காரராக நியூமன் வருகிறார். அதன் கெட்ட வார்த்தைகள் புகழ்பெற்றவை. அவற்றை எழுதியவர் நான்ஸி டௌட் என்னும் பெண் என்பது அவ்வளவாகப் புகழ்பெறவில்லை.

முழுமையான விடை கிடைத்தது 1982இல், சிட்னி லூமெட் இயக்கிய 'த வெர்டிக்ட்' படத்தில். திரைக்கதை டேவிட் மாமெட். பாஸ்டன் நகரில் குடியால் சீரழிந்த வழக்கறிஞர் ஃபிராங்க் கால்வின், முன்பின் அறியாதவர்களின் இறுதிச் சடங்குகளுக்குச் சென்று துக்க வீட்டாரிடம் முகவரி அட்டை நீட்டிப் பிழைக்கிறார். தவறாக மயக்க மருந்து செலுத்தப்பட்டதால் நினைவிழந்து கிடக்கும் ஒரு பெண்ணின் வழக்கு அவரிடம் வருகிறது. எதிர்த்தரப்பு, மருத்துவமனையை நடத்தும் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம். இழப்பீடாக 2,10,000 டாலர் தர அது முன்வருகிறது.

பணத்தைக் கூட்டிப் பெறும் பொருட்டுப் படுக்கையில் கிடக்கும் பெண்ணைப் போலராய்டு கேமராவில் படமெடுக்கச் செல்கிறார் கால்வின். எடுத்த படங்கள் அவர் கண்முன் மெல்ல மெல்லத் தெளிகின்றன. நியூமன் இக்காட்சியில் ஏறத்தாழ எதுவுமே செய்வதில்லை. 'ஹட்'டில் பார்க்கப்படும் பொருளாக மட்டும் இருந்த முகம், இங்கே முதல்முறையாகப் பிறிதோர் உயிரைப் பார்க்கிறது. தம் நூலில் லூமெட், ஒத்திகைகளின்போது நியூமன் தம்மை இன்னும் அப்பாத்திரத்துக்குள் கொண்டுவரவில்லை என்று அவரிடமே சொன்னதையும், ஒரு வார இறுதிக்குப் பின் அவர் முற்றிலும் மாறி வந்து நின்றதையும் எழுதியிருக்கிறார். இன்னொரு செய்தியும் அதே நூலில் உண்டு. இலையுதிர்கால நிறங்கள் மட்டுமே படத்தில் இடம்பெற வேண்டும் என்று முடிவுசெய்த லூமெட், நீலத்தை அறவே விலக்கினார். படப்பிடிப்பு இடங்களில் நீலமாக இருந்தவற்றுக்கு வேறு வண்ணம் பூசினர். உலகின் மிகப் புகழ்பெற்ற நீலக் கண்களை நடுவில் வைத்து எடுத்த வண்ணப்படத்தில்!

சட்டத்துறையினர் இப்படத்தின் ஓட்டைகளை எளிதில் எண்ணிவிடுவர். கட்சிக்காரரிடம் கேளாமலே கால்வின் இழப்பீட்டை மறுக்கிறார். அது தொழில்நெறிக்கு முற்றிலும் முரணானது. நினைவிழந்த பெண்ணின் சகோதரியுடைய கணவர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவர்மீது பாயும்போது நியாயம் முழுவதும் பாய்பவர் பக்கமே இருக்கிறது. சாட்சியைத் தேடி ஒருவரின் அஞ்சல் பெட்டியை உடைக்கிறார். தம்மை வேவு பார்த்த லாராவைப் பலர் முன்னிலையில் அறைகிறார். ஓட்டைகள் என்று சொல்லப்படும் இவற்றில் பெரும்பாலானவையே படத்தின் வலிமை. 'ஹட்' செய்யத் தவறியதை 'த வெர்டிக்ட்' செய்கிறது. நாயகனின் ஒவ்வொரு செயலுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுப்பதைப் பார்வையாளர் தம் கண்ணால் காண வேண்டியிருக்கிறது. மீட்சியின் பெயரால் பிறருடைய துயரத்தைச் சூதாட்டப் பணயமாக வைக்கும் மனிதரின் கதை இது. அவர் வெல்வது அந்தச் சூதாட்டத்தை நியாயப்படுத்துவதில்லை.

அவ்வாண்டின் ஆஸ்கர் இந்திய வாசகருக்கு நன்கு நினைவிருக்கும். 'காந்தி' 8 விருதுகளைப் பெற்றது. சிறந்த நடிகர் விருது பென் கிங்ஸ்லிக்குச் சென்றது. கிங்ஸ்லியின் நடிப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாமனிதர் ஒருவராக உருமாறுவதை நடுவர்கள் கலையாக அறிந்துகொள்வது போல, சாதாரண மனிதன் ஒருவனின் வெட்கத்தை உடலில் ஏந்துவதைக் கலையாக அறிந்துகொள்வதில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஏழாவது நடிப்புப் பரிந்துரையில், 'த கலர் ஆஃப் மணி' படத்துக்காக விருது வந்தது. எடி ஃபெல்சனின் முதுமையை ஸ்கோர்செஸி இயக்கிய அப்படம் அழகாகத் தொடங்கி எளிதாக முடிகிறது. விழாவுக்கு நியூமன் செல்லவில்லை.

அதன் பிறகும் இரண்டு உண்டு. 'ரோட் டு பெர்டிஷன்' (2002) படத்தில் மழையில் நின்று சாவை எதிர்கொள்ளும் முதியவர் பாத்திரம் பலராலும் பாராட்டப்பட்டது. அதைவிட ஆழமானது, ராபர்ட் பென்டன் இயக்கிய 'நோபடிஸ் ஃபூல்' (1994). முழங்கால் பழுதான, அறுபது வயதுக் கட்டடத் தொழிலாளி சல்லி; பனி அகற்றும் எந்திரம் ஒன்றை முன்னாள் முதலாளியிடமிருந்து திருடுவதும் அவர் திருப்பித் திருடுவதுமாக நாள்களைக் கழிக்கிறார். குழந்தையாக இருந்தபோது அவர் விட்டுச்சென்ற மகன் இப்போது ஊர் திரும்பியிருக்கிறான். நியூமன் தம் ஒரே மகனை 1978இல் இழந்தவர் என்பதைக் கொண்டு இந்நடிப்பை விளக்கிவிடும் ஆசை எழுவது இயல்பு. அவ்விளக்கம் நடிப்பின் நுட்பத்தைப் பார்க்கவிடாமல் செய்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. சல்லி மன்னிப்புக் கேட்பதில்லை. மகனுக்கு ஒரு வேலை தருகிறார், வண்டியில் பக்கத்தில் உட்கார வைக்கிறார். பெர்லின் திரைவிழா இப்படத்துக்காக அவருக்கு வெள்ளிக் கரடி விருது அளித்தது.

இருப்பினும், நியூமன் படங்களில் ஒன்றை மட்டுமே பார்க்க நேரமிருக்கும் மாணவருக்கு 'த வெர்டிக்ட்' என்றே சொல்ல வேண்டும். அதன் முடிவில் வழக்கு வென்றாகிவிட்டது. இரவு. தம் அலுவலகத்தில் காப்பிக் கோப்பையுடன் அமர்ந்திருக்கிறார் கால்வின். மறுமுனையில் குடித்து வீழ்ந்து கிடக்கும் லாரா அழைக்கிறாள். அழைப்பது யாரென்று கால்வினுக்குத் தெரியும். தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கிறது, அவர் எடுக்கவில்லை. ஒலி நிற்குமுன்பே படம் முடிந்துவிடுகிறது.