உழைக்கும் உடலுக்கும் ஓர் இடம் வேண்டும்

"நாளெல்லாம் உழைத்து ஓடாய்த் தேய்கிறோம், எங்களுக்கு உடற்பயிற்சி வேறு ஒரு கேடா?" தாராவித் தெருக்களில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதிலும் உண்டு.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் தோல் கிடங்குகளில் பாரம் சுமந்தார்கள். இன்று நம்மவரில் பலர் தையல் எந்திரத்தின் முன்னும், வண்டியின் ஓட்டுநர் இருக்கையிலும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் முடங்கிக் கிடக்கிறார்கள். நம் பெண்கள் விடியுமுன் இட்லி அவித்துவிட்டு, பகலெல்லாம் குனிந்தபடி துண்டு வேலை செய்கிறார்கள். முதுகு நோகிறது, ஆனால் கை கால் வீசி, மூச்சு வாங்க உடல் இயங்குவதில்லை. அலுப்பு வேறு, பயிற்சி வேறு.

வயது வந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடப்பது போன்ற அசைவு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்தது. 2022 நிலவரப்படி இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 42 விழுக்காட்டினரும் இந்த அளவை எட்டவில்லை. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கூறியது. படுத்துவிட்டால் கூலி நின்றுபோகும் நம் குடும்பங்களுக்கு இது வெறும் புள்ளிவிவரமல்ல.

இதைச் சோம்பல் என்பவர்கள் நம் சந்துகளைப் பார்த்ததில்லை. எதிரில் ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை, எங்கே நடப்பது? துண்டுக் கணக்கில் கூலி வாங்குபவனுக்கு அரை மணி நேரமும் காசுதான். இருட்டில் தனியே நடக்கப் பெண்ணுக்கு அச்சம், பகலில் நடந்தால் "இவளுக்கு வேலையில்லையா?" என்ற ஏச்சு. மருத்துவர் மராத்தியிலோ இந்தியிலோ சொல்லும் யோசனைக்கு நம் முதியவர்கள் பாதி புரிந்தும் புரியாமலும் தலையாட்டித் திரும்புகிறார்கள்.

நம் குறையையும் ஒப்புக்கொள்வோம். பொங்கல் விழாவுக்கும் கல்யாணத்துக்கும் திறக்கும் சங்கக் கூடம் மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கிறது. அதை நாள்தோறும் காலை ஒரு மணி நேரம் பெண்களுக்கும், மாலை ஒரு மணி நேரம் ஆண்களுக்கும் திறந்துவிடுவோம். நாலு பேர் சேர்ந்தால் கூச்சம் போகும். தாய்மொழியில் சொன்னால் உடல் கேட்கும். சிலம்பமும் சடுகுடுவும் அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இல்லையா?

கூடம் மட்டும் போதாது. தாராவியை இடித்துக் கட்டப்போகிறவர்களிடம் வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. மைதானம் எங்கே, விளக்குள்ள நடைபாதை எங்கே என்றும் கேட்க வேண்டும். குப்பைமேடாய்க் கிடந்த நிலம் 1994-இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது நம் வாசலருகேதான். மனமிருந்தால் இடமுண்டு.

இந்த நகரத்துக்கு உழைப்பைத் தந்த உடல்கள் இவை. அவை நலமாக வாழ ஓர் இடம் கேட்பது சலுகையல்ல, உரிமை!