வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?

பெண்ணாகப் பிறந்தால் ஒரு சௌகரியம் உண்டு. 'பெரியவளான' தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாவற்றையும் யாராவது ஒரு பாட்டி குறித்து வைத்திருப்பாள். தாய்மாமன் சீர் வரும். மைக் செட் அலறும். தெருவுக்கே தெரியும். (அது அந்தப் பெண்ணுக்குச் சௌகரியமா, சங்கடமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் அக்கா அந்த மைக் செட்காரரை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறாள், உதைப்பதற்கு.)

ஆணுக்கு? ஒன்றுமே கிடையாது சார். ஒருநாள் காலையில் தொண்டை கட்டிக்கொள்ளும். அம்மா மிளகுப் பால் காய்ச்சிக் கொடுப்பாள். மூன்று மாதம் குடித்துத் தீர்த்த பிறகுதான், இது ஜலதோஷம் இல்லை, குரல் உடைந்திருக்கிறது என்று வீட்டுக்கு உறைக்கும். அதோடு விழா முடிந்தது.

சரி, நாம் பெரிய மனுஷனான தேதியைச் சட்டத்திடமாவது கேட்கலாமென்றால், அது ஆளுக்கொரு வயது சொல்கிறது. அரசு பஸ்ஸில் 12 வயது தாண்டினால் முழு ஆள், முழு டிக்கெட். (எங்கள் அம்மாவின் கணக்குப்படி நான் மூன்று வருடம் தொடர்ந்து பதினொன்றிலேயே இருந்தேன். கண்டக்டர் என் மேலுதட்டைப் பார்ப்பார். அம்மா ஜன்னல் வழியாக வயல்வெளியைப் பார்ப்பாள்.) 16-ல் கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டி ஓட்டலாம். 18-ல் ஓட்டுப் போடலாம். 1989-ல் 61-வது சட்டத்திருத்தம் அமலுக்கு வரும்வரை அதுவும் 21-ஆக இருந்தது. ஆண் கல்யாணம் பண்ணிக்கொள்ள 21. எம்.எல்.ஏ. ஆக 25. ஊருக்கு எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிற அறிவு முதலில் வருகிறது, வீட்டுக்குப் பெண் தேர்ந்தெடுக்கிற அறிவு மூன்று வருடம் தள்ளி வருகிறது!

சட்டத்தைவிட சலூன் தேவலை. கும்பகோணத்தில் எங்கள் தெரு முனை சலூனில் சுழல் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல்தான் சின்னப் பையன்களை உட்கார வைப்பார்கள். பலகையை எடுத்துவிட்டு, "நேரா உக்காரு தம்பி" என்று சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பட்டாபிஷேகம் மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் "ஷேவிங்கா, சும்மா ஒதுக்கி விடவா?" என்று கேட்டார். ஒதுக்குவதற்கு அங்கே எண்ணி ஏழு முடிதான் இருந்தது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தொழில் தர்மம், கேட்டார்.

2005-ல் பி.காம். சேர்ந்தேன், எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில். கணித மேதை ராமானுஜன் 1904-ல் சேர்ந்து, கணிதத்தைத் தவிர வேறெதையும் படிக்காமல் உதவித்தொகையைக் கோட்டைவிட்டாரே, அதே கல்லூரி. அவர் உட்கார்ந்த பெஞ்ச் எது என்று முதல் வாரம் முழுக்கத் தேடினோம். அப்புறம் கேன்டீனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டதால் ஆராய்ச்சி நின்றுவிட்டது.

அது மிஸ்டு கால் காலம். நோக்கியா 1100 வைத்திருந்தவன் வகுப்பில் ஜமீன்தார். ஒரு ரிங் என்றால் 'கிளம்பிட்டேன்', இரண்டு ரிங் என்றால் 'நீ கிளம்பு', மூன்றாவது ரிங்கில் எடுத்துத் தொலைத்தான் என்றால் ஜென்மப் பகை. சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, ஏழு முடியை ஒதுக்கிக்கொண்டு, மகாமகக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து இந்தியாவின் எதிர்காலத்தைப் பற்றி விவாதித்தோம். எங்கள் வீட்டின் நிகழ்காலம் என்ன நிலவரம் என்பது அதில் ஒருவனுக்கும் தெரியாது. யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

பி.காம். படித்த வாசகர்களுக்கு 'மைனர்' என்றதும் ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். தர்மதாஸ் கோஷ். 1895-ல் கல்கத்தாவில் தன் சொத்தை அடமானம் வைத்து 20,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர். பிறகு "நான் மைனர், பத்திரம் செல்லாது" என்று வழக்குப் போட்டார். கடன் கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட, அவர் மனைவி மோஹரி பீபி பெயரில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1903-ல் தீர்ப்பு: மைனர் போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. பணத்தையும் திருப்பித் தர வேண்டாம்! எங்கள் வகுப்பில் தர்மதாஸுக்கு ரசிகர் மன்றமே இருந்தது.

இந்த நிலையில்தான் 2007 ஜூன் மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது.

எங்கள் தபால்காரரிடம் ஒரு வழக்கம். கையெழுத்து வாங்க வேண்டிய தபால் என்றால், என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?" என்பார். பத்து வருடமாக அதே கேள்வி. அன்றைக்கு அப்பா மண்டியில். அரிசி மண்டியில் அவர் கணக்குப்பிள்ளை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். தபால்காரர் வழக்கம்போல் உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார், நிறுத்தினார், என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை நீட்டினார்.

"இங்க போடுங்க சார்."

சார்! எனக்கு வயது 19. பெருமையாகக் கையெழுத்துப் போட்டு வாங்கி, திண்ணையிலேயே பிரித்தேன். வங்கியிலிருந்து வந்திருந்த நகைக் கடன் ஏல நோட்டீஸ். ஐந்து பவுன் சங்கிலி ஒன்று. அசல் 15,000. வட்டி 3,600. நோட்டீஸ் செலவு 50. ஆக 18,650 ரூபாயைக் குறிப்பிட்ட தேதிக்குள் கட்டத் தவறினால்...

அம்மாவின் சங்கிலி மூன்று வருடமாகப் பாலிஷ் போடப் போயிருந்தது. பத்தர் கடையில் கூட்டம் என்பாள். பத்தருக்கு உடம்பு சரியில்லை என்பாள். ஒரு தடவை பத்தர் பெண்ணுக்குக் கல்யாணம். நானும் அக்காவும் அந்தப் பத்தர் மேல் பரிதாபப்பட்டிருக்கிறோம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா வந்தார். நோட்டீஸைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ரசம் சாதம், மோர் சாதம் இரண்டையும் நிதானமாக முடித்து, கை கழுவி, பீரோவிலிருந்து சிவப்புத் துணி பைண்டு போட்ட நீளமான நோட்டு ஒன்றை எடுத்துவந்தார்.

"உட்காரு" என்றார்.

அதுவரை அப்பா முன்னால் நான் நின்றுதான் பழக்கம். மார்க் ஷீட் காட்டும்போது நிற்பேன், திட்டு வாங்கும்போது நிற்பேன். ஊஞ்சலில் அவருக்குச் சமமாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்தேன் என்று பெயர், பாதி உடம்பு வெளியேதான் இருந்தது.

நோட்டில் வீட்டில் எல்லோருக்கும் தனித்தனிப் பக்கம். பேரேடு! மண்டியில் வியாபாரிகளுக்கு எழுதுகிற அதே மணிமணியான கையெழுத்து. 'தம்பி' என்று தலைப்புப் போட்ட பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்தார். சைக்கிள் 2,300. மூக்குக் கண்ணாடி 450. பிளஸ் டூ டியூஷன், பத்து மாசம், 1,500. பேண்ட் தையல் கூலி 110. காலேஜ் அட்மிஷன். பெறுபவர் கணக்கில் பற்று வை, கொடுப்பவர் கணக்கில் வரவு வை. முதல் வருடக் கணக்குப்பதிவியலில் உருப்போட்டதுதான். என் பக்கத்தில் பற்று வரிசையாக இறங்கிக்கொண்டே போனது. வரவுப் பக்கம் சலவை வேட்டி மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது.

சங்கிலி 2004-ல் போனதற்கும் அதே பக்கத்தில் பதில் இருந்தது. என் டியூஷன், அக்காவின் பி.எட். ஃபீஸ்.

தர்மதாஸ் கோஷ் ஒரு நிமிடம் மனதில் வந்து போனார். 2004-ல் நான் மைனர்தான். ஆனால் அதே ஒப்பந்தச் சட்டத்தில் 68-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, மன்றத்து ரசிகர்கள் அதிகம் பேசாத பிரிவு. மைனருக்கு அவன் நிலைமைக்குத் தேவையான அத்தியாவசியங்களைக் கொடுத்தவர், அவனுடைய சொத்திலிருந்து வசூலித்துக்கொள்ளலாம். என்னுடைய மொத்தச் சொத்து திண்ணையோரம் சாய்ந்து நின்றிருந்தது. பின் டயரில் காற்று இல்லை.

"ஒரு தடவை வட்டியைக் கட்டித் திருப்பி வெச்சேன். ரெண்டு வருஷமா முடியல" என்றார் அப்பா. நோட்டை மூடினார். "என்னப்பா பண்ணலாம்?"

அப்பா அதுவரை என்னிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார். "மணி என்ன?" (ராத்திரி பத்தரைக்கு நான் உள்ளே நுழையும்போது). "இதுக்குப் பேர் மார்க்கா?" எல்லாம் அவருக்கே பதில் தெரிந்த கேள்விகள். அவருக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்றை என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஊஞ்சல் ஆடினோம்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்டி முதலாளியிடம் முன்பணம் வாங்கி வட்டியைக் கட்டி, நகையை மறுபடி திருப்பி வைத்தார் அப்பா. நான் ஒரு ஜவுளிக் கடையில் சாயந்திரம் ஆறிலிருந்து ஒன்பதுவரை டேலியில் பில் ஏற்றினேன், மாதம் 1,200 ரூபாய். 2008-ல் பட்டம் வாங்கினேன். அந்த செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அங்கே பேங்க் சாய்ந்தால் இங்கே இன்டர்வியூ ஏன் ரத்தாகிறது என்பதைப் பாடப் புத்தகத்தைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டேன். ஒருவழியாகத் திருச்சியில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸில் வேலை. 2009-ல் நானும் அப்பாவும் போய் சங்கிலியை மீட்டோம். அதற்குள் பவுன் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது.

அம்மா அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். எதிர்வீட்டு மாமி கேட்டாள்: "என்ன, பத்தர் ஒருவழியா குடுத்துட்டாரா?"

"ம்... லேட்டானாலும் நல்லா பளபளன்னு போட்டிருக்கார்" என்றாள் அம்மா, கண்ணைக்கூட இமைக்காமல்!

உங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் லஞ்ச் நேரத்தில் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு நோட்டோ நோட்டீஸோ வெளியே வரும். என்னோடு பத்தாவதுவரை படித்த ஒருவன் எங்கள் எல்லோருக்கும் முன்னால், பதினாலு வயதிலேயே பெரியவனாகிவிட்டான். அவன் அப்பா காலையில் பால் வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை, மாரடைப்பு. இன்னொருவனுக்கு என் வயசு, 37 நடக்கிறது. கார் வைத்திருக்கிறான். அதன் ஃபாஸ்டேக்குக்கு இன்னும் அவன் அப்பாதான் பணம் போடுகிறார். டோல்கேட்டில் 'பேலன்ஸ் இல்லை' என்று வந்தால் இவன் ஊருக்குப் போன் அடிக்கிறான்.

என் அப்பாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் முழங்கால் வலிக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கவுன்ட்டரில் 6,500 ரூபாய் கட்டினேன்.

"எவ்வளவு ஆச்சு?"

"ஆயிரத்து ஐநூறுதாம்ப்பா."

"பரவாயில்லையே, நான் நெறைய ஆகும்னு நெனச்சேன்" என்றார். அப்படியே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

போன வாரம் கேஸ் புத்தகம் தேட பீரோவைத் திறந்தேன். அதே சிவப்பு பைண்டு, முனை கிழிந்து. என் பக்கத்தில், வரவில், கை நடுங்கி எழுதிய ஒரு புது வரி: 'ஸ்கேன் - 6,500.' நான் ஆட்டோ பிடிக்கப் போன இரண்டு நிமிடத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் விசாரித்துவிட்டாராம். அம்மாதான் சொன்னாள்.

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே" என்றாள். "அவரும் காட்டிக்கலை இல்ல?"