கொழுத்த குதிரைக்குக் கொள்ளு வேண்டாம்

குதிரை கொழுத்திருந்தால் அதை வளர்ப்பவரின் பெருமையாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊறவைத்த கொள்ளு, வெல்லம், பால், நெய் என்று பார்த்துப் பார்த்து ஊட்டுகிறார்கள். அந்தப் பாசத்தில் குறையில்லை. ஆனால் அந்தத் தீனியே பல குதிரைகளின் காலை முடக்கிவிடுகிறது. லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சி வந்தால், குளம்பின் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய இதழ்கள் நைந்துபோகும். முற்றினால் எலும்பே பிடி தளர்ந்து கீழே இறங்கிவிடும். முன்னங்கால்களை நீட்டி வைத்து, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, திரும்ப முடியாமல் நிற்கும் குதிரையைச் சண்டித்தனம் செய்கிறது என்று அடிப்பது கொடுமை. அது வலி தாங்காமல் நிற்கிறது.

இந்நோய்க்குக் காரணங்கள் பல. அவற்றில் இன்சுலினின் பங்கை 2007-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. நலமாக இருந்த மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து உயர்த்தி வைத்தபோது, 72 மணி நேரத்துக்குள் அத்தனைக்கும் நோய் கண்டது. சர்க்கரையும் மாவுச்சத்தும்தான் இன்சுலினை ஏற்றுகின்றன. பிடரி தடித்து இறுகிய குதிரைக்கும், ஒருமுறை இந்நோய் கண்ட குதிரைக்கும் ஆபத்து மிகவும் அதிகம்.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்கிறார்களே, கொள்ளு கொழுப்பைக் கரைக்காதா என்று கேட்கலாம். பழமொழி மனிதர் உண்ணும் பிடியளவைப் பற்றியது. குதிரைக்குக் கிலோ கணக்கில் போடும்போது அதிலுள்ள மாவுச்சத்தும் கிலோ கணக்கில்தான் சேரும். அந்தக் காலத்துப் படைக்குதிரைகளும் கொள்ளு தின்றவைதானே என்பது அடுத்த கேள்வி. அவை நாள் முழுதும் உழைத்தவை; இன்று கொட்டகையில் கட்டிக்கிடக்கும் குதிரைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அப்படியானால் பட்டினி போடலாமா? கூடவே கூடாது. கொழுத்த குதிரை, அதிலும் மட்டக்குதிரை, பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கும். சரியான வழி அளவு. உலர்ந்த எடையில், உடல் எடையின் 1.5 சதவீதம் ஒரு நாளைக்குப் போதும். 350 கிலோ குதிரைக்கு இது சுமார் 6 கிலோ காய்ந்த புல். அதைப் பல வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். புல்லை ஒரு மணி நேரம் ஊறவைத்து நீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும். நம் வெயிலில் இரவு முழுக்க ஊறினால் புளித்துவிடும். ஊறும்போது தாது உப்புகளும் கரைவதால், அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். குதிரைமசாலில் சர்க்கரை குறைவுதான். ஆனாலும் ஊட்டம் மிகுந்தது என்பதால், கொழுத்த குதிரைக்கு அள்ளிப்போட முடியாது. மேய்ச்சலுக்கு விடுவோர், மாட்டுக்குப் போடுவதுபோல் குதிரைக்கும் வாய்க்கூடு மாட்டலாம். அதில் கொஞ்சம் புல் கடிக்கவும் தண்ணீர் குடிக்கவும் வழி இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் ஆள் ஏது, நேரம் ஏது என்று வளர்ப்போர் அலுத்துக்கொள்வது புரிகிறது. ஆனால் எலும்பு இறங்கிய குதிரைக்கு மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். பல குதிரைகள் பிழைப்பதும் இல்லை. குதிரை வைத்திருப்பவர்கள் ஒரு தொங்கு தராசு வாங்கிப் புல்லை நிறுத்துப் போடுங்கள். பிடரி தடித்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் இன்சுலின் பரிசோதனை கேளுங்கள். குதிரைச் சவாரிக்குப் போகிறவர்கள் பிஸ்கட்டையும் பிரெட்டையும் அதற்கு நீட்டாதீர்கள்.