வாசற்படி தாண்டுமுன்

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே கிளம்பும்போது நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்! காஸ் அடுப்பை மூடியாயிற்றா, கொல்லைக் கதவுக்குத் தாழ் போட்டாயிற்றா, குழாய் சொட்டுகிறதா? பூட்டையும் நாலு தடவை இழுத்துப் பார்க்கிறோம். தோளில் தொங்கும் காமிராவை மட்டும் பார்ப்பதில்லை. நானும் பார்க்காதவள்தான், பட்டபின் புத்தி வந்தவள்.

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்டாங்குளத்தூரிலிருந்து வேடந்தாங்கலுக்குப் போனோம். என் மாமியாருக்கு வயது 81. சிறுமியாகத் தகப்பனார் தோளில் உட்கார்ந்து பார்த்த ஏரியை இன்னொரு தரம் பார்க்கவேண்டும் என்று ஆசை. முழங்கால் வலியையும் பாராமல் கிளம்பிவிட்டார். படாளத்தில் திரும்பி, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம்.

மரக்கிளை தெரியாதபடி பறவைகள்! மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா... பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். அதை அறிந்த ஊரார், இவற்றை வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற, 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கி வைத்தார்களாம்.

"அந்தக் காலத்திலேயே என்ன முன்யோசனை, பார்த்தாயா!" என்றார் மாமியார்.

மருமகளுக்குத்தான் அது இல்லை. ஏரிக்கரையில் அவரை நிறுத்தி எண்பது படம் எடுத்தேன். வெயிலில் காமிராவின் திரை சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், நாரைகள் வெறும் வெள்ளைத் திட்டுகள். மாமியார் முகமெல்லாம் நீலம்!

"ஏம்மா, என்னைப் பாம்பு கடித்துவிட்டதா?" என்று அவர் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

காரணம் இதுதான். முதல் நாள் இரவு பிறந்தநாள் விழாவுக்காக, வெளிச்சத்தை 'பிளஸ் 2' என்றும், நிறத்தை 'பல்ப்' அடையாளத்திலும் வைத்திருந்தேன். பிளஸ் 2 என்றால் நாலு மடங்கு வெளிச்சம். பல்பின் மஞ்சளைச் சரிக்கட்டக் காமிரா நீலத்தைக் கூட்டும். வெயிலிலும் அதையே செய்தது. அணைத்துவிட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். பல காமிராக்கள் அப்படி மறப்பதில்லை. நிறத்தையாவது ஓரளவு திருத்தலாம். வெளுத்துப்போன இறகு திரும்பி வராது.

ஆகவே, சகோதரிகளே, முதல் நாள் இரவே ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள்:

1. பாட்டரி நிறைந்திருக்கிறதா? கார்டு உள்ளே இருக்கிறதா, அதில் இடம் இருக்கிறதா?

2. வெளிச்சக் கூட்டல் கழித்தல் பூஜ்யத்தில் இருக்கட்டும்.

3. நிறம் 'ஆட்டோ' அல்லது 'வெயில்'.

4. ஐ.எஸ்.ஓ. எண் நல்ல வெயிலுக்கு 100 அல்லது 200 போதும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1000 செகண்டு வேண்டும். அதற்காக எண்ணைக் கொஞ்சம் ஏற்றலாம்.

5. லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள். போனில் எடுப்பவர்களுக்கும் இது உண்டு; விரல் பிசுக்குப் பட்டால் படம் மங்கும்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு படம் எடுத்து, நிழலில் நின்று பாருங்கள்.

பறவைகள் இருந்தபோதே, பிப்ரவரியில் மறுபடியும் கிளம்பினோம். வாசற்படியில் மாமியார் நின்றுவிட்டார்.

"காஸை மூடினாயா?"

"மூடிவிட்டேன், அம்மா."

"கதவு?"

"பூட்டிவிட்டேன்."

"காமிராவை ராத்திரியே பார்த்தாயா?"

பார்த்திருந்தேன். அன்று எடுத்த படம்தான் இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.