எல்லோருக்கும் சேர்த்து ஒரு பிறந்தநாள்

தாத்தாவுக்கு எண்பது நிறைகிறது, அவருடைய மூத்த மகளுக்கு ஐம்பது, அந்த மகளின் பேத்திக்கு ஆண்டு நிறைவு. மூன்றும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து வருவதால், தனித்தனியே அழைத்துத் தனித்தனியே சமைப்பதை விட்டு, ஒரு சனி ஞாயிற்றில் எல்லோரையும் ஊருக்கு வரவழைத்துச் சேர்த்தே கொண்டாடிவிடலாம் என்று தீர்மானிக்கிற வழக்கம் நம் குடும்பங்களில் பரவி வருகிறது. இதைக் கேட்டவுடன் முகம் சுளிக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். பிறந்தநாள் என்பது பிறந்த நாளன்றுதானே, லீவு கிடைக்கிற நாளில் கொண்டாடுவதற்கு அதென்ன பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவா என்பது அவர்களுடைய ஆட்சேபம். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் என் அபிப்பிராயம் இந்தப் புதிய வழக்கத்தின் பக்கமே சாய்கிறது.

முதலாவது, நாளைப் பற்றி அவ்வளவு கண்டிப்புப் பேசும் உரிமை நமக்கு இருக்கிறதா என்பதே சந்தேகம். நம்மில் அறுபதைக் கடந்தவர்களில் பலருக்குப் பிறந்தநாள் ஒன்றல்ல. மாதமும் நட்சத்திரமும் பார்த்து, எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்துக் கோயிலில் அர்ச்சனை செய்விக்கிற நாள் ஒன்று. ஆங்கிலத் தேதியை நினைவில் வைத்துப் பேரப்பிள்ளைகள் தொலைபேசியில் வாழ்த்துகிற நாள் ஒன்று. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டுமே என்பதற்காகத் தலைமையாசிரியர் தம் பேனாவினால் அருளிச்செய்து, பிற்காலத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் தினத்தையும் நிர்ணயித்துவிட்ட நாள் மற்றொன்று. நட்சத்திரக் கணக்கிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் கடக்க ஏறத்தாழ 27 நாட்களே ஆவதால், ஒரே மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் இருமுறை வருவதுண்டு. அப்போது முன்னதா பின்னதா என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடக்கும்.

சதாபிஷேகத்தை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். ஆயிரம் பிறை கண்டவர் என்று எண்பதை எட்டியவரைப் போற்றுகிறோம். பிறைக்குப் பிறை இருபத்தொன்பதரை நாளுக்குச் சற்று அதிகம் என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தால், ஆயிரமாவது பிறை வருவதற்கு எண்பது ஆண்டுகளும் ஏறக்குறைய பத்து மாதங்களும் ஆகின்றன. திருக்கடையூரில் அமிர்தகடேசுவரர் சந்நிதிப் பிராகாரத்தைச் சுற்றி வந்தவர்கள் அறிவார்கள்: அறுபது நிறைந்தவர்களும் எழுபதில் பீமரத சாந்தி செய்துகொள்பவர்களும் எண்பதைக் கண்டவர்களும், முன்பின் அறியாத தம்பதிகள் பலர், கலசங்களின் முன்னே அடுத்தடுத்து அமர்ந்திருக்கிறார்கள். அந்நியர்களோடு சேர்ந்து கொண்டாடுவதற்கு அங்கே ஒப்புகிற நாம், சொந்தப் பேத்தியோடு சேர்ந்து கொண்டாடுவதற்குத் தயங்குவானேன்? சடங்கை அதற்குரிய நாளில் நாலு பேரை வைத்துக்கொண்டு நடத்தட்டும். பந்துக்கள் கூடுவதைச் சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கட்டும். ரயிலில் 60 நாட்களுக்கு முன்பே இடம் பிடிக்கவேண்டிய காலத்தில், புதன்கிழமை வருகிற நட்சத்திரத்துக்குப் பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் எல்லோரும் வந்து சேர்வார்கள் என்று எதிர்பார்ப்பது பேராசை.

நான் இந்த வழக்கத்தை ஆதரிப்பதற்கு இவை அனைத்தையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிறந்தநாளே இல்லாதவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளுக்கு ஜாதகம் எழுதி மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்த பல வீடுகளில் பெண்குழந்தைக்கு அந்தச் சிரத்தை காட்டவில்லை. “எனக்கு என்ன வயசுன்னா கேக்கிற? தனுஷ்கோடியிலே புயல் அடிச்சுதே, அப்ப நான் கைக்குழந்தை, மார்கழி மாசம்னு அம்மா சொல்லுவா” என்று சொல்லும் அத்தைகளையும் சித்திகளையும் நாம் அறியாதவர்களல்ல. அந்தப் புயல் 1964 டிசம்பரில் அடித்தது. அந்த அத்தைக்கு அறுபது நிறைந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. பிறந்த தேதி தெரிந்த மருமகள்களின் கதியும் இதைவிடச் சிலாக்கியமானதல்ல: மாமனாருக்கும் கணவனுக்கும் குழந்தைகளுக்கும் வருஷந்தோறும் பாயசம் வைத்தவள், தன் நாளன்று தனக்கென்று பால் காய்ச்சிக்கொள்ளக் கூச்சப்பட்டு, காலையில் கோயிலுக்குப் போய்வந்து, வழக்கம்போல உலையை வைத்துவிடுகிறாள். மூவருக்கு என்று தொடங்குகிற வைபவத்தில் இந்தப் பெயர்களையும் சேர்த்துவிடுவதற்குத் தடை ஏதுமில்லை. மாலைகள் நாலைந்து அதிகமாகும், அவ்வளவே.

தொல்காப்பியம் பாடாண்திணையில் அரசனுடைய பிறந்தநாளைப் பெருமங்கலம் என்று வகுத்து, அன்று அவன் செற்றத்தை விலக்கி நிற்பதையும் சேர்த்தே சொல்கிறது. நமக்கு விலக்கிவைக்க வேண்டிய செற்றங்கள் சிறியவை: பாகப்பிரிவினையில் கிணறு யார் பக்கம் போயிற்று, கல்யாணத்தில் யாருக்குப் பத்திரிகை நேரில் வைக்கவில்லை என்ற அளவில் நிற்பவை. ஒருவருக்கு மட்டும் விழா என்றால், அவரோடு மனத்தாங்கல் உள்ளவர் வராமலிருக்க அது சரியான சாக்கு. பலருக்குச் சேர்த்து என்றால், அண்ணனோடு பேசாத தம்பிகூட அண்ணன் பேத்தியைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வாசற்படி ஏறலாம்.

ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. கூடுவதென்றால் இராத் தங்கவேண்டும். மண்டபத்தை மாலை ஆறு மணிக்குப் பிடித்து, மேடையில் நாற்காலி போட்டு, வரிசையில் நின்று கவரைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு, பஃபே மேஜையில் தட்டை ஏந்திவிட்டு ஒன்பது மணிக்குக் கலைவதற்கு இத்தனை பிரயாசை தேவையில்லை. சனிக்கிழமை இரவு கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, மறுநாள் பந்திக்கு வாழைக்காயும் பூசணியும் நறுக்கிக்கொண்டே பேசுகிற மூன்று மணி நேரத்தில்தான் உறவு உறவாகிறது; எந்த மாமா ரயில்வேயில் சேர்ந்த கதை பொய், எந்தப் பாட்டி சினிமா பார்க்க ஓடிப்போன கதை மெய் என்பதெல்லாம் அப்போதுதான் இளையவர்களுக்கு வெளியாகும். அரிவாள்மனையின் முன் உட்காருகிறவர்கள் பெண்களாகவே இருக்கவேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. அறுபது பேருக்கு மேற்பட்டால் சமையற்காரரை அமர்த்திவிடுவதே நல்லது. இல்லையேல் மாலை போட்டு உட்கார்த்திய அத்தை, ஆரத்தி எடுத்த மறு நிமிஷம் சாம்பாருக்கு உப்புப் போட எழுந்து போய்விடுவாள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கு இவ்வளவு என்று சமமாக வசூலிப்பது பார்வைக்கு நியாயமாகத் தோன்றினாலும், வெளிநாட்டில் சம்பாதிப்பவரையும் ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதால், பின்னவர் அடுத்த முறை ஏதேனும் காரணம் சொல்லி வராமலிருந்துவிடுவார். அரிசி ஒருவர், பால் ஒருவர், பந்தலும் விளக்கும் ஒருவர் என்று அவரவர் சக்திக்கேற்ப ஏற்றுக்கொள்ளும் பழைய முறையே எனக்கு உசிதமாகப் படுகிறது. யார் எவ்வளவு கொடுத்தார் என்று குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடாமல் இருப்பது அதைவிட உசிதம். அடுத்த முறை யார் வீட்டில் என்பதையும் ஞாயிற்றுக்கிழமை பந்திக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். இலை எடுத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பேச வேண்டியவர்களில் பாதிப்பேர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பார்கள்.